அண்ணியைக் கேட்காத கேள்வி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே மெஷினெல்லாம் ஓடுது, நானும் கூடவே ஓடுறேன். என் ரெண்டு வாலுங்களும் வீட்டைத் தலைகீழா ஆக்குறதுல ஒரு குறையும் வைக்கல. அண்ணன் எப்படி இருக்கார்? வாயைத் திறந்து ஏதாவது பேசுறாரா, இல்லை சலூன் கடையில அவருக்கும் சேர்த்து கத்தரிக்கோல்தான் பேசுதா?

நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்கப் போறதில்லை. கேட்டா "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்"னு சொல்வீங்க. போன வாரம் அங்கே வந்தப்ப நானே பார்த்துட்டேன். உங்க பஸ்ல டிரைவர் சீட்டு மேல கறுப்புத் துணியை நாலா மடிச்சுப் போட்டிருந்தீங்க. என்னன்னு கேட்டா வெயில்ல சீட்டு சுடுதுன்னீங்க. அண்ணி, அன்னைக்கு மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு.

வீட்டு மாடிப்படியில பாதியிலேயே நின்னு ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்தீங்க. அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரைத் தவிர ஒண்ணுமே கிடையாது. மூச்சு வாங்குதுன்னு சொன்னா கௌரவம் குறைஞ்சுடுமா?

அண்ணனைக் குடைஞ்சு எல்லாத்தையும் வாங்கிட்டேன். மாசத்துல பாதி நாள் ரத்தம் போகுதாம், கட்டி கட்டியா போகுதாம். அங்கே இருக்கிற டாக்டர் கர்ப்பப்பையையே எடுத்துடலாம்னு சொல்லிட்டாராம். எடுத்தா ரொம்ப நாள் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது, அதுக்குள்ள நெடுஞ்சாலை வண்டி வேற ஆளுக்குப் போயிடும்னு நீங்க ஒத்துக்கலையாம். அந்த வண்டிக்காக எத்தனை வருஷமா டவுன் பஸ்ஸை ஓட்டிக்கிட்டுக் காத்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா வண்டியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி டிப்போவுல ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க இல்லையா? உங்க உடம்புல எடுக்கிறதுக்கு ரத்தம் எங்கே இருக்கு?

என் வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியும். எங்க ஆஸ்பத்திரியில இருக்கிற லேசர் மெஷினெல்லாம் என் பொறுப்பு. கண்ணுக்கு ஒண்ணு, தோலுக்கு ஒண்ணு இருந்துச்சு. இப்போ கர்ப்பப்பையோட உள்சவ்வுக்கும் ஒண்ணு வந்திருக்கு. கத்தி இல்லை, தையல் இல்லை, கர்ப்பப்பை அது இருந்த இடத்துலயே இருக்கும். எங்க டாக்டரம்மாகிட்ட உங்களைப் பத்திப் பேசவா? போன்ல பேசினா சிரிச்சே மழுப்பிடுவீங்க, அதனாலதான் எழுதுறேன். எழுத்துல மழுப்புங்க பார்க்கலாம்.

உங்க நாத்தனார்

*

பிப்ரவரி 16

அடியே டார்ச் லைட்டு,

நானும் நலம், உன் அண்ணனும் நலம், என் வண்டியும் நலம். நீ மட்டும் போலீஸ் வேலைக்குப் போகாம லேசர் வேலைக்குப் போனது இந்த உலகத்துக்கு நஷ்டம்.

சரி, ஒத்துக்கறேன். கறுப்புத் துணி அதுக்குத்தான். முதல் டிரிப் முடிஞ்சதும் மத்தவங்க எல்லாரும் டீ குடிக்கப் போவாங்க, நான் கைப்பையைத் தூக்கிக்கிட்டு கழிப்பறைக்கு ஓடுவேன். ரெண்டாவது டிரிப்ல கடைசி ஸ்டாப் வர்றவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பேன். இறங்கும்போது நடத்துநர் தம்பி முன்னாடி நடக்கட்டும்னு விட்டுட்டு நான் கடைசியாத்தான் எழுந்திரிப்பேன். அவன் நல்லவன், ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனா நீ சொல்றது எனக்குப் புரியலையே. லேசர்னா இரும்பையே அறுக்குமாமே! வயித்துக்குள்ள வெல்டிங் வெக்கப் போறீங்களா? போற ரத்தம் போதாதுன்னு புகையும் வரணுமா? முதல்ல அது என்னன்னு சரியா எழுது. நான் டிரைவர். எதையும் திறந்து உள்ளே எப்படி ஓடுதுன்னு பார்க்காம கையை வெக்க மாட்டேன்.

வாலுங்களுக்கு என் முத்தம். பெரியவனுக்கு முன்பல் முளைச்சாச்சா?

வண்டிக்கார அண்ணி

*

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

பெரியவனுக்குப் பல் முளைச்சாச்சு. முளைச்ச கையோட தம்பியைக் கடிச்சும் பார்த்தாச்சு. நானும் மெஷினுங்களும் சௌக்கியம். நீங்க அங்கே இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்கா முழுங்கறீங்களா, இல்லை அதையும் டாஷ்போர்டுக்குள்ள தூங்க வெச்சிருக்கீங்களா?

வெல்டிங்கெல்லாம் இல்லை. கேளுங்க. கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, சீட்டுக்கு உறை போட்ட மாதிரி. மாசாமாசம் வளர்ந்து, உதிர்ந்து, ரத்தமா வெளியே வருது. உங்களுக்கு அது அளவுக்கு மீறி ஆட்டம் போடுது. அந்த உறையை மட்டும் சூடு காட்டி அடக்கிட்டா போதும், சீட்டைத் தொடவே வேண்டாம்.

இந்தக் கருவி பென்சில் மாதிரி ஒல்லியா உள்ளே போகும். போனதும் குடைக் கம்பி மாதிரி மூணு கண்ணாடி இழை விரியும். விரிஞ்சா கர்ப்பப்பையோட உள்வடிவம் எப்படியோ அப்படியே நிற்கும். அந்த மூணு இழையும் ஒரு புள்ளியைச் சுடாது, பக்கவாட்டுல எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைக் கசியவிடும். இழை நேரா போய்த் தொடாத மூலைக்குக்கூட வெளிச்சம் போகும், அண்ணி! அந்த வெளிச்சத்தைச் சவ்வு குடிச்சுச் சூடாகும். ஒண்ணு ரெண்டு பாட்டுக் கேட்கிற நேரம்தான், அவ்வளவுதான் வேலை. முதல் தடவை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ள அதை விரிச்சுப் பார்த்தப்ப எனக்கு மெய் சிலிர்த்துடுச்சு. இதை யோசிச்சவங்க எதிர்ல வந்திருந்தா கும்பிட்டிருப்பேன்.

பொய் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு மேல சுத்தமா நின்னே போகுது. மத்தவங்கள்ல நிறையப் பேருக்குக் குறையுது. சிலருக்குப் பலிக்காமலும் போகும். முன்னாடியே ஸ்கேன் பண்ணி, சவ்வுல துளி எடுத்து, கெட்ட வியாதி ஒண்ணும் இல்லைன்னு பார்த்துக்கிட்டுத்தான் செய்வாங்க. செஞ்சதுக்கப்புறம் கர்ப்பம் ஆகக் கூடாது. நமக்கு அந்தக் கவலை இல்லை, நம்ம வீட்டுக்கு என் ரெண்டு வாலுங்களே போதும். இனி குழந்தை வேணுமான்னு டாக்டரம்மா கேட்டாங்க, "அண்ணிக்கு அதெல்லாம் வேண்டாம், வயசும் ஆச்சு"ன்னு நானே சொல்லிட்டேன்.

ஏப்ரல் நடுவுல தேதி கொடுக்கிறாங்க. முதல்ல சோதனைக்கு வாங்க.

உங்க நாத்தனார்

*

மார்ச் 18

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே வெயில் ஆரம்பிச்சாச்சு, மத்தபடி நலம். நீங்க எல்லாரும் நலமா இருக்கணும்.

சோதனைக்கு வர்றேன். ஒரே ஒரு சந்தேகம். அந்தச் சவ்வு அதுக்கப்புறம் திரும்ப வளரவே வளராதா? கொஞ்சநாள் கழிச்சு மனசு மாறினா பழையபடி ஆக வழி ஏதாவது உண்டா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன்.

மெஷின் நல்ல மெஷின்தான்னு தெரியுது. குடைக் கம்பி உதாரணத்தை உன் அண்ணனுக்குப் படிச்சுக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

அண்ணி

*

மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

முதல்ல நல்ல சேதி. சோதனை முடிவு வந்தாச்சு, கெட்டது எதுவும் இல்லை. ஆனா ரத்த அளவைப் பார்த்துட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பார்த்தாங்க. "இந்த அளவோட பஸ் ஓட்டுறாங்களா?"ன்னாங்க. "பஸ் இல்லை டாக்டர், குடும்பத்தையே ஓட்டுறாங்க"ன்னேன்.

உங்க கடுதாசி ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு? உங்க சந்தேகம் எனக்குப் புரியுது. திரும்பவும் பழைய கூத்து ஆரம்பிச்சுடுமோன்னு பயம், அதானே? அநேகமா வளராது, பழையபடி ஆகாது. நிம்மதியா தூங்குங்க. இதைப் படிச்சதும் ஒரு பாரம் இறங்கியிருக்கும்னு நம்பறேன்.

அன்னைக்கு மெஷின் பக்கத்துல நான்தான் இருப்பேன். வேற யாரையும் விட மாட்டேன்.

உங்க நாத்தனார்

*

ஏப்ரல் 19

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில நான் இல்லை.

விடியறதுக்கு முன்னாடி வந்து, ஒவ்வொரு இழையிலும் வெளிச்சம் சரியா வருதான்னு அளந்து பார்த்து வெச்சேன். நீங்க வந்தீங்க, பச்சை அங்கி மாட்டிக்கிட்டீங்க, "இது என்ன கோமாளி வேஷம்"னு சிரிச்சீங்க. டாக்டரம்மா என்னை வெளியே போகச் சொல்லிட்டு உங்ககிட்ட ஏதோ பேசினாங்க. அடுத்தது என்ன? சேலையைக் கட்டிக்கிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. பஸ் டிரைவருக்கே பஸ்ஸுக்கு நேரமாச்சாம்!

டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "அது அவங்களுக்கும் எனக்கும் நடுவுல. உங்க அண்ணி சொன்னா தெரிஞ்சுக்கங்க"ன்னு முடிச்சுட்டாங்க. சொல்லும்போது என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கலை.

பயமா இருந்தா பயம்னு சொல்ல வேண்டியதுதானே? மலைப்பாதையில லாரியை முந்திக்கிட்டுப் போற ஆளு ஒரு வெளிச்சத்துக்குப் பயப்படறதா? எனக்கு வர்ற கோபத்துக்கு இத்தோட நிறுத்திக்கறேன்.

நாத்தனார்

*

மே 7

தங்கச்சிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைங்களும் சுகமா இருக்கணும். நான் கடுதாசி எழுதறவன் இல்லைன்னு உனக்குத் தெரியும். உன் அண்ணி பதில் எழுத மாட்டேங்கறா, அதனால எழுதறேன்.

போன திங்கள் காலையில முதல் வண்டி ஓட்டிக்கிட்டுப் போகும்போது அவளுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கு. ஒண்ணும் ஆகலை. வண்டியை ஓரமா ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, விளக்கெல்லாம் எரியவிட்டு, சாவியைப் பிடுங்கி நடத்துநர் கையில கொடுத்துட்டுத்தான் மயங்கியிருக்கா. பின்னாடி தூங்கிக்கிட்டு இருந்தவங்க பாதிப் பேருக்கு வண்டி நின்னதே தெரியலையாம். டிப்போ மேலாளர் என் கடைக்கே வந்து, இப்படி ஒரு டிரைவரை நான் பார்த்ததில்லைன்னு சொன்னார். சொல்லிட்டு, உடம்பு தேறுறவரைக்கும் வண்டியைத் தொடக் கூடாதுன்னும் சொல்லிட்டுப் போனார்.

நீ அவ பயந்துட்டான்னு எழுதியிருந்தே. பயமில்லை. கடையில சின்னப் பிள்ளைங்களுக்கு முடி வெட்டும்போது நாற்காலியோட ரெண்டு கை மேலயும் குறுக்கே ஒரு பலகை போட்டு உட்கார வெப்பேன், நீ பார்த்திருக்கே. போன வருஷம் அதுக்கு உன் அண்ணிதான் பஞ்சு வெச்சு மெத்தை தைச்சா. "நல்லதா தைச்சு வெப்போம், நம்ம பிள்ளைக்கும் வேணும்ல"ன்னா. விளையாட்டா சொன்ன மாதிரிதான் சொன்னா. ஊசியைக் கோர்க்கும்போது பாடிக்கிட்டே இருந்தா.

மாசத்துல நாள் கொஞ்சம் தள்ளிப் போனாலே அவ பாடுவா. நான் கவனிக்காத மாதிரி கத்தியைத் தீட்டிக்கிட்டு இருப்பேன். அப்புறம் வந்துடும், பாட்டு நின்னுடும். ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கிட்டதே இல்லை.

இதை நான் எழுதினேன்னு அவளுக்குத் தெரியும். சொல்லிட்டுத்தான் எழுதறேன். எழுதிக்கோன்னா.

அண்ணன்

*

மே 12

அண்ணி,

அண்ணன் கடுதாசியைச் சமையலறையில நின்னுக்கிட்டே படிச்சேன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு போச்சு, அணைக்கத் தோணலை.

எவ்வளவு பெரிய முட்டாள் நான்! டாக்டரம்மா என்கிட்ட கேட்ட கேள்விக்கு "அண்ணியைக் கேட்டுச் சொல்றேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பத்து நிமிஷம் போன் பண்ணியிருந்தா போதும். இதுல என் ரெண்டு வாலுங்களே போதும்னு வேற எழுதினேன். நீங்க சவ்வு திரும்ப வளருமான்னு கேட்டீங்க, வளராது நிம்மதியா தூங்குங்கன்னு பதில் போட்டேன். அதைப் படிச்சுட்டு எப்படித் தூங்கினீங்க? ஒரு மெஷினுக்குள்ள எந்த இழை ஒழுங்கா எரியலைன்னு தொலைவுல நின்னே சொல்லுவேன், பக்கத்துல உட்கார்ந்திருக்கிற உங்களை எனக்குப் பார்க்கத் தெரியலை. மன்னிச்சுடுங்க அண்ணி.

இனிமே லேசரைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். டாக்டரம்மா வேற வழியும் சொல்றாங்க. இரும்புச் சத்தை ஊசி மூலமா ஏத்தலாம், அந்த நாள்கள்ல மட்டும் சாப்பிட்டா போக்கைக் குறைக்கிற மாத்திரையும் இருக்கு. கர்ப்பத்துக்கு அது கதவை மூடாது. எது வேணும்னு நீங்க சொல்லுங்க. எதுவா இருந்தாலும் நான் உங்க பக்கம்தான்.

பதில் எழுதலைன்னாலும் பரவாயில்லை. சாப்பிடுங்க, தூங்குங்க, படியில நின்னா நிக்கறேன்னு சொல்லுங்க.

உங்க நாத்தனார்

*

ஜூன் 5

அடியே டார்ச் லைட்டு,

முதல்ல கண்ணைத் துடை. பால் பாத்திரத்தைத் தேய்ச்சியா இல்லையா? இங்கே எனக்கு ஊசி மூலமா இரும்பு ஏத்தறாங்க. நகத்துல கொஞ்சம் நிறம் வந்திருக்கு. உன் அண்ணன் தினமும் பிடிச்சுப் பார்க்கிறார், ஏதோ பெயின்ட் காய்ஞ்சுதான்னு பார்க்கிற மாதிரி.

அன்னைக்கு உன்னை வெளியே அனுப்பிட்டு டாக்டரம்மா என் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. நின்னுக்கிட்டுக் கேட்கலை, உட்கார்ந்து கேட்டாங்க. "உங்க நாத்தனார் சொன்னாங்க, அது எனக்குப் போதாது. இதுக்கப்புறம் குழந்தை கிடையாது. உங்களுக்குச் சம்மதமா?" அவ்வளவுதான். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இதை என்கிட்ட யாரும் கேட்டதே இல்லைடி. இன்னும் இல்லையான்னு கேட்டிருக்காங்க, ஏன் இல்லைன்னு கேட்டிருக்காங்க. அப்புறம் வயசாச்சுன்னு கேட்கிறதையும் விட்டுட்டாங்க. உனக்கு வேணுமான்னு கேட்டவங்க அந்த அம்மா ஒருத்தர்தான். நான் அங்கியோட நுனியை முறுக்கிக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டு, "இன்னைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்க"ன்னாங்க. எல்லாம் தயாரா இருந்தும் ஒரு சின்ன முகச்சுளிப்பு இல்லை. அப்படி ஒரு டாக்டரை நான் பார்த்ததில்லை.

உனக்கு ஒண்ணு சொல்றேன், உன் அண்ணன்கிட்டகூட இதை இப்போதான் சொன்னேன். இந்த ரத்தத்தை நான் எவ்வளவு திட்டியிருக்கேன்! ஆனா மாசாமாசம் அது வந்து "இல்லை"ன்னு சொல்லிட்டுப் போகும்போது, சொல்றதுக்காவது வருதேன்னு இருக்கும். இன்னும் கேட்கலாம்னு இருக்கும். அதுவும் நின்னு போச்சுன்னா நான் யாரைக் கேட்பேன்? அதுக்குத்தான் எழுந்து வந்தேன். உன் மெஷின் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வண்டியை ஓரங்கட்டின அன்னைக்கு, கண்ணு இருட்டறதுக்கு முன்னாடி உள்கண்ணாடியில பின்னாடி பார்த்தேன். எல்லாரும் வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறாங்க. ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் தலை. என்னை நம்பித் தூங்கறாங்க. எனக்கு அழுகையும் வந்துச்சு, பெருமையாவும் இருந்துச்சு. என் கையில இருக்கிற வேலை இது, நான் ரொம்ப நல்லா செய்யற வேலை. வராத ஒண்ணுக்காக இதையும் சேர்த்துத் தொலைச்சுக்கிட்டு இருக்கேனேன்னு தோணிச்சு. அந்த மாத்திரையும் சாப்பிட்டுப் பார்த்தேன், எனக்குப் பெரிசா கேட்கலை. டாக்டரம்மாவுக்கு நானே போன் போட்டு, இந்த வயசுல எனக்கு என்ன வாய்ப்புன்னு கேட்டேன். சுத்தி வளைக்காம, ரொம்ப ரொம்பக் குறைவுன்னு சொன்னாங்க. "குறைவுன்னாலும் அது உங்களோடது, முடிவும் உங்களோடது"ன்னாங்க.

நானும் உன் அண்ணனும் கடையைச் சாத்திட்டு உள்ளே உட்கார்ந்து பேசினோம். பேசினோம்னா, நான் பேசினேன். கடைசியில அவர் சொன்னார், "எனக்கு நீ போதும். இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்." அந்த மனுஷன் அவ்வளவு பெரிய வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

நான் வர்றேன். பயந்தோ, யாரும் தள்ளியோ இல்லை, நானே வர்றேன். ஆனா அந்தக் கேள்வியை மறுபடியும் என்கிட்ட கேட்கச் சொல்லு. இந்தத் தடவை நீ வெளியே போக வேண்டாம்.

உன் அண்ணி

*

ஜூலை 4

அன்புள்ள அண்ணிக்கு,

வீட்டுக்குப் பத்திரமா போய்ச் சேர்ந்தீங்கன்னு அண்ணன் போன்ல சொன்னார். "சேர்ந்தாச்சு"ன்னு ஒரே வார்த்தை. வயித்து வலி விட்டுச்சா? கொஞ்ச நாளைக்குத் தண்ணி மாதிரி போகும், பயப்படாதீங்க. காய்ச்சலோ நாத்தமோ இருந்தா மட்டும் உடனே சொல்லுங்க, வீரம் காட்டாதீங்க.

நீங்க மயக்கத்துல இருந்தப்ப என்ன நடந்துச்சுன்னு நான்தான் சொல்லணும். அதுக்கு முன்னாடி நடந்தது உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதறேன், எனக்கு எழுதணும் போல இருக்கு. டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாங்க. மேலே விளக்கைப் பார்த்தீங்க. அப்புறம் டிப்போவுல வண்டி எடுக்கும்போது கத்துற அதே குரல்ல, "இனி எனக்குக் குழந்தை வேண்டாம். நான் சொல்றேன்"னீங்க. மூலையில துணி மடிச்சுக்கிட்டு இருந்த நர்ஸ் மடிக்கிறதை நிறுத்திட்டாங்க. மயக்க ஊசி போடறப்ப என் மெஷினைப் பார்த்து, "மெதுவா ஓட்டு, வளைவு அதிகம்"னுட்டுத் தூங்கிப் போனீங்க. டாக்டரம்மா சிரிச்சதை அன்னைக்குத்தான் முதல்ல பார்த்தேன்.

எல்லாரும் கண்ணுக்குப் பாதுகாப்பா பச்சைக் கண்ணாடி மாட்டிக்கிட்டோம். டாக்டரம்மா கருவியை உள்ளே விட்டது, இழையை விரிச்சது, எல்லாம் தூங்குற குழந்தைக்குப் போர்வை போர்த்துற மாதிரி. ஒரு அவசரம் இல்லை. எனக்கு அளவுகளைச் சொல்லிக்கிட்டே இருக்கிற வேலை. அந்த மூணு இழையும் ஒரே சீரா எரிஞ்சுது, அண்ணி. ஒரு சின்ன உறுமல் சத்தம், அவ்வளவுதான், வெளியே ஒரு வெளிச்சமும் தெரியலை. இந்த மெஷினை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கேன். உள்ளே என்ன போகுது, எதை மூடுதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு முழுசா தெரிஞ்சுது. வாய் அளவைச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, கண்ணாடிக்குள்ள கண்ணீர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, துடைக்கவும் முடியலை. முடிஞ்சதும் டாக்டரம்மா என் தோளைத் தட்டி, "உங்க அண்ணி பெரிய ஆளு"ன்னாங்க. எனக்குத் தெரியும்னேன்.

இனிமே யாரைக் கூட்டிக்கிட்டு வந்தாலும், டாக்டரம்மா கேட்கிற கேள்விக்கு நான் வாயைத் திறக்கறதில்லை. பக்கத்துல படுத்திருக்கிறவங்களைக் கையைக் காட்டிடறேன்.

உங்க நாத்தனார்

பி.கு.: டாக்டரம்மா அண்ணனைத் தனியா கூப்பிட்டு, இனிமே கர்ப்பம் ஆகாம பார்த்துக்கிறது அவர் பொறுப்புன்னு வகுப்பு எடுத்தாங்க. வெளியே வரும்போது காது ரெண்டும் சிவப்பு.

*

செப்டம்பர் 20

அடியே டார்ச் லைட்டு,

நான் நல்லா இருக்கேன். இந்த வார்த்தையை எத்தனையோ தடவை உனக்கு எழுதியிருக்கேன், இந்தத் தடவை மாடிப்படியை மூச்சு வாங்காம ஏறி வந்து உட்கார்ந்து எழுதறேன். உன் அண்ணனும் நலம். வாலுங்களை அடுத்த லீவுக்கு அனுப்பு, வண்டியில முன் சீட்டு போட்டு வெச்சிருக்கேன்.

டிப்போவுல ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. பாஸ்! மேலாளர் நெடுஞ்சாலை வண்டியோட சாவியை என் கையில கொடுத்துட்டு, நடத்துநர் தம்பியைப் பார்த்து, "இனிமே சாவியை உன்கிட்ட கொடுக்க மாட்டாங்கடா"ன்னார். அவன் ஒரே சிரிப்பு.

நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் உன் அண்ணன் கடையில இருந்த அந்தப் பலகையைத் தூக்கிப் பரண் மேல போட்டிருந்தார். என் கண்ணுல படக் கூடாதாம். நான் போய்க் கத்தின கத்துல முடி வெட்டிக்கிட்டு இருந்த ஆளே எழுந்துட்டார். "நமக்கு இல்லைன்னா மத்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு முடி வளராதா?"ன்னு கேட்டு, நானே ஏறி எடுத்து, தூசி தட்டிப் போட்டேன்.

போன வாரம் மாசாமாசம் ரத்தம் வர்ற நாள் வந்துச்சு. ஏற்கெனவே ஒரு மாசம் வரலை, அப்போ உடம்பு ஆறிக்கிட்டு இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். இந்தத் தடவை பழக்கதோஷத்துல பையில எல்லாத்தையும் எடுத்து வெச்சேன். கறுப்புத் துணியையும் மடிச்சு வெச்சேன். வரலை. மறுநாளும் வரலை. முன்னாடியா இருந்தா பாட ஆரம்பிச்சிருப்பேன். டிப்போவுல வண்டிக்குப் பின்னாடி போய் நின்னு அழுதேன். நல்லா அழுதேன், உனக்கு மறைக்க மாட்டேன். மெக்கானிக் வந்து, "என்னக்கா, புகை கண்ணுல பட்டுடுச்சா?"ன்னான். "ஆமாடா, வண்டியை ஒழுங்கா பாரு"ன்னு அவனைத் திட்டினேன்.

அப்புறம் ஏறி உட்கார்ந்தேன். கறுப்புத் துணியால முன்கண்ணாடியை உள்ளே வெளியே நல்லாத் துடைச்சேன். வண்டியை எடுத்தேன். போய்ச் சேர வேண்டிய ஊர் வர்றவரைக்கும் நடுவுல எங்கேயும் நிக்கலை, நிக்கவும் தேவைப்படலை. பாதி வழியில உள்கண்ணாடியில பார்த்தா, எல்லாரும் தூங்கறாங்க.

இத்தனை வருஷமா மாசாமாசம் வந்து "இல்லை, இல்லை"ன்னு சொல்லிட்டுப் போச்சு. இனிமே அது எதுக்கு வரணும்? அதான் நானே என் வாயால சொல்லிட்டேனே.

உன் வண்டிக்கார அண்ணி